கைவித்தை மட்டும்

இப்போதும் யாராவது அவரைக் கேட்டுக்கொண்டு என் அறைக்கு வருகிறார்கள். புத்தளத்தில் நீதிமன்றப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறை அது. ஒரு மேசை, இரண்டு கதிரை, கணினி, பிரின்டர். வாசலில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று போட்டிருக்கிறேன். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாடு என்று எதையாவது தமிழிலிருந்து சிங்களத்துக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றத்தான் ஆட்கள் வருவார்கள். அவரைத் தேடி வருகிறவர்களின் கையில் மட்டும் கடதாசி எதுவும் இருக்காது. உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார்கள்.

"மிஸ், கட்டு அவுக்கிற நானா ஒத்தர் இங்க வந்து போவாராமே. அவர்ட நம்பர் இரிக்கா?"

எனக்குக் கோபம் வந்துவிடும். அவர் சூனியம் கட்டுகிறவரும் இல்லை, அவிழ்க்கிறவரும் இல்லை, கலியாண வீட்டிலும் பள்ளிக்கூட விழாவிலும் மெஜிக் காட்டிப் பிழைத்த மனிதர், அதை அவரே எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்திருக்கிறார் என்று சொல்வேன். மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். கேட்டுவிட்டு அங்கேயே நிற்பார்கள். நான் விலையைக் கூட்டப் பார்க்கிறேன் என்று நினைத்துச் சிலர் கைப்பையைத் திறப்பதும் உண்டு.

அவர் முதன்முதலில் வந்ததும் கடதாசியோடுதான். ஒல்லியான உடம்பு, தேய்த்த சேர்ட், கையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருந்தார். உட்கார்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் என் மேசைமேல் விரித்து வைத்தார். ஏதோ காயத்தைக் காட்டுகிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். காயம் ஒன்றும் இல்லை. போகப்போகத்தான் தெரிந்தது, எங்கே உட்கார்ந்தாலும் அவர் கைகளை அப்படித்தான் வைப்பார். ஒரு பேனையைக்கூட நம் கையில் நேராகத் தரமாட்டார், வாங்கவும் மாட்டார். மேசையில் வைத்து, நம் பக்கம் தள்ளிவிடுவார்.

"இதச் சிங்களத்துல செஞ்சி தாங்க மிஸ். சிலாபத்துல ஒரு கலியாண ஊட்டுக்குக் கேட்டிரிக்காங்க" என்றார்.

மெஜிக் காட்டப் போகிறவர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு போவதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவனே வாய்ப்பேச்சில் கட்டிவிட்டுப் பிறகு வழக்காடுகிறவன். இவரோ பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். முன்பணம் எவ்வளவு, கலியாணம் நின்றுபோனால் அதில் எவ்வளவு திரும்பும், இடையில் கரண்ட் போனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, புறா கூரைக்குள் போய் ஒளித்துக்கொண்டால் ஏணி யார் தருவது, எல்லாம் அதில் இருந்தது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முதலாவதாக இப்படி எழுதியிருந்தார்: இந்நிகழ்ச்சியில் காட்டப்படுபவை யாவும் கைவித்தை மட்டுமே. ஜின், சூனியம், வசியம், மந்திரம் எதுவும் இதில் இல்லை. இதை நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் ஒலிவாங்கியில் வாசிக்க ஏற்பாட்டாளர் சம்மதிக்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன நானா, கடையைத் திறக்க முதலே சாமான் பழசு எண்டு போர்ட் போடுறீங்கள். பிறகு ஆர் கைதட்டப் போகினம்?"

"கைதட்டாட்டிப் பரவால்ல மிஸ். நம்பிட்டாங்கண்டா பொறகு ஊருல இரிக்க ஏலா."

அவருடைய ஊர் கற்பிட்டிப் பக்கம். ஒரு புறம் உப்பேரியாகக் களப்பு, மறுபுறம் கடல், நடுவில் மணல். மெஜிக் என்றால் வாயைப் பிளந்து பார்க்கவும் வேண்டும், அதே நேரம் அது ஹராமோ என்று பயப்படவும் வேண்டும் என்கிற ஊர். மேடையில் நிற்கும்போது பிள்ளைகள் அவரைச் சுற்றிக் குதிக்கும். இறங்கி வந்து ஒரு குழந்தையின் கன்னத்தைத் தொடப் போனால், தாய் மெதுவாகப் பிள்ளையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொள்வாள். தேநீர்க்கடையில் அவருக்குப் பக்கத்துக் கதிரை கடைசி வரைக்கும் வெறுமையாகவே கிடக்கும். யாரும் அவரைத் திட்டவில்லை, ஏசவில்லை. சலாம் சொன்னால் பதில் சலாம் கிடைக்கும். அதோடு சரி.

அவர் வீட்டிலிருந்து பஸ் ஏறுகிற சந்திக்கு ஐந்தாறு வீட்டு முற்றங்களைத் தாண்டிப் போகிற குறுக்குப் பாதை ஒன்று உண்டு. அவர் அந்த வழியால் வருகிற நேரம் பார்த்துப் பெண்கள் அவசரம் அவசரமாக முற்றத்தைக் கூட்டுவார்களாம். வசியம் செய்கிறவர்கள் காலடி மண்ணையும் உதிர்ந்த தலைமயிரையும் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதற்காக. இதை அவர் எனக்குச் சொன்னபோது நான் அவருக்காகக் கொதித்தேன். அவர் கொதிக்கவில்லை.

"பாவம் மிஸ், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தரம் கூட்ட வேண்டிக் கெடக்கு. அதான் நான் இப்ப களப்போரமாச் சுத்திப் போறேன்."

தன்னைப் பார்த்துப் பயப்படுகிறவர்களின் முதுகு வலிக்குமே என்று வழியை மாற்றிக்கொண்ட மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அது நல்ல குணமா, இல்லை பழகிப்போன தனிமையா என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை.

அவருடைய ஒப்பந்தத்தில் இருந்த ஒவ்வொரு நிபந்தனைக்குப் பின்னாலும் ஒரு சங்கடம் இருந்தது. பார்வையாளரிடம் வாங்கிய நகையைத் திருப்பிக் கொடுத்ததும் உரியவர் 'கிடைத்தது' என்று மைக்கில் சொல்ல வேண்டும் என்று ஒன்று இருந்தது. பாலாவிப் பக்கம் ஒரு கலியாண வீட்டில் மணமகளின் சாச்சியிடம், அதாவது சின்னம்மாவிடம், மோதிரத்தை வாங்கி மறைத்து, பிறகு ஒரு பணிஸ் ரொட்டியைப் பிய்த்து அதற்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். மற்ற மெஜிக்காரர்கள் இதைத் தேசிக்காய்க்குள் இருந்து எடுப்பார்களாம். இவர் தேசிக்காயைத் தொடவே மாட்டார், அது சூனியம் வெட்டுகிறவர்கள் பாவிக்கிற எலுமிச்சம்பழம். அந்தச் சாச்சி சில வாரம் கழித்து அதே மோதிரத்தை எங்கேயோ தொலைத்துவிட்டு, பணிஸுக்குள் இருந்து வந்தது மோதிரமே இல்லை, மோதிரத்தின் உருவம்தான் என்று பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டாள்.

"பொலிஸில என்ன சொன்னவை?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரயும் விசாரிச்சாரு அந்த சார். பொறகு அந்தப் பொம்புளய வெளிய இரிக்கச் சொல்லிட்டு, கதவச் சாத்திட்டு, மெல்லமாக் கேட்டாரு, அவர்ட ஊட்டுத் தண்ணி மோட்டரக் களவெடுத்தது யாரெண்டு பாத்துச் சொல்ல ஏலுமாண்டு."

நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் விரித்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு, "அவருக்கும் இதத்தான் விரிச்சிக் காட்டிட்டு வந்தேன்" என்றார்.

அவருக்கு வியாபாரப் பெயர் பதிவு எடுக்கவும் நான்தான் கடதாசி செய்து கொடுத்தேன். தொழிலின் தன்மை என்ற இடத்தில் கவுண்டரில் இருந்தவர் மாந்திரீகம் என்று எழுதிவிட்டார். அவரும் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்கமாட்டார், மெஜிக்குக்குத் தமிழ் தேடியிருப்பார். இவர் அந்த இடத்திலேயே நின்று, அதை வெட்டி, பொழுதுபோக்குக் கைவித்தை என்று புதிதாக எழுதி வாங்கும்வரை நகரவில்லை. பின்னால் நின்ற வரிசை முழுதும் ஏசியதாம். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு, வீட்டுக்குள் வருகிறவர்களின் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினார். அந்த வீட்டுக்குள் யார் வரப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

கற்பிட்டியில் காற்றுக் காலம் தொடங்கினால் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்கி விளையாட வெளிநாட்டுக்காரர்கள் வந்து நிறைவார்கள். அப்படியொரு ஹோட்டலில் இருந்து அந்தப் பருவம் முழுதுக்கும் வாரா வாரம் நிகழ்ச்சி செய்ய அவரைக் கேட்டார்கள். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை அதற்கு முன் வந்ததில்லை. தீ வைத்துச் செய்கிற வித்தைக்காகக் காப்புறுதி எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். முறைப்படி நேரம், உடை, ஓய்வறை எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். ஆங்கிலத்தில் வந்த ஒப்பந்தத்தை நான் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவருடைய முதலாவது நிபந்தனையை மட்டும் ஹோட்டல்காரர் வெட்டியிருந்தார்கள். மர்மம் போய்விடுமாம்.

"விட்டிடுங்கோ நானா. வெள்ளைக்காரருக்கு இது கைவித்தை எண்டு நல்லாத் தெரியும். அவங்களுக்கு என்னத்துக்கு வாசிச்சுக் காட்டுவான்?" என்றேன்.

"வெள்ளக்காரனுக்கு இல்ல மிஸ். அங்க குசினில வேல செய்றது எங்கட ஊருப் புள்ளைகள். அதுகள் கதவோரமா நிண்டு பாக்குங்கள். ஊட்டுக்குப் போய் உம்மாமார்ட என்ன சொல்லுங்கள்?"

முகாமையாளரோடு நானே தொலைபேசியில் கதைத்தேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் மசியவில்லை. இவரும் மசியவில்லை. ஒரு வசனத்துக்காக ஒரு பருவத்தின் வேலையை விட்டுவிட்டு, கடதாசியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அந்த ஆளின் பிடிவாதத்தில் எனக்கு அன்றைக்கு முழுதும் தலையிடி.

வேலை இல்லாத நாட்களிலும் வந்து கொஞ்ச நேரம் இருப்பார். நான் மன்னாரில் இருந்து சண்டைக் காலத்தில் இங்கே வந்து, இங்கேயே தங்கிவிட்டவள். எனக்கும் வீட்டில் கதைக்க ஆள் இல்லை. அவர் இருந்தால் பிரின்டரின் சத்தத்துக்கு நடுவே ஒரு மனிதக் குரல் கேட்கும். அந்த அளவில் எங்கள் இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

அவர் மனைவியை நான் அதுவரை ஒரே ஒரு தடவைதான் கண்டிருந்தேன். கதவுக்குள் வரும்போதே கதைத்துக்கொண்டு வருகிற பெண். கணவரின் கை மேசையில் விரிந்து கிடப்பதைப் பார்த்து, "இவர்ட கையப் பாத்துப் பாத்தே எனக்கு ரேகை பாக்கத் தெரிஞ்சிட்டு மிஸ்" என்று சிரித்தாள். அவர் வித்தை பழகும்போது எந்தக் கை தெரிகிறது என்று பார்த்துச் சொல்வது அவள்தானாம். அவர் வெட்கப்பட்டதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அந்த ஒரு ஆளின் பக்கத்தில் அவர் சாதாரண மனிதராக இருந்தார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாகவும், கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அவள் வண்ணாத்திவில்லு ஊர்க்காரி. வாப்பாவுக்குக் கஜு முந்திரித் தோட்டமும் வயலும் இருந்தன. அங்கே ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு இவர் மெஜிக் காட்டப் போன இடத்தில் இருவரும் கண்டுகொண்டார்கள். வாப்பா சம்மதிக்கவில்லை. முஸ்லிம் கலியாண வழக்குகளைப் பார்க்கிற காதி நீதவானிடம் அனுமதி எடுத்துத்தான் நிக்காஹ் நடந்தது. அந்த வாப்பா மகளை ஏசவில்லை, அடிக்க ஆள் அனுப்பவில்லை. "என்ட மகள் போகல்ல, அவன் கட்டிக் கொண்டு போனான்" என்று மட்டும் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார். மகள் தன்னை மதிக்காமல் போனாள் என்பதைவிட, மகளுக்குச் சூனியம் செய்துவிட்டான் என்பது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்க வேண்டும். வருடக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லி, அந்தப் பக்கம் முழுதும் அதுவே உண்மையாகிவிட்டது. இவர் தன் ஒப்பந்தத்தின் முதல் வசனத்தை யாருக்காக எழுதினார் என்று இந்தக் கதையைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு அந்த வாப்பா பாரிசவாதத்தில் விழுந்துவிட்டார். செய்தி கேட்டு இவள் பஸ் ஏறி ஓடினாள். கேற்றைத் திறக்கவில்லை. உள்ளே இருந்து வாப்பா சொல்லி அனுப்பிய வார்த்தையை அவளுடைய நானாமார், கூடப் பிறந்த அண்ணன்மார் இருவரும், வந்து சொன்னார்கள்: கட்டிக் கொண்டு போனது என்றால் கட்டை அவிழ்த்துவிட்டு வரட்டும், சொந்த விருப்பத்தில் போனது என்றால் போன இடத்திலேயே இருக்கட்டும். அவள் திரும்பி வரவில்லை. வாப்பாவின் வீட்டு வாசல் தெரிகிற மாதிரி, பக்கத்தில் சாச்சி வீட்டில் போய் இருந்துகொண்டாள். நானாமார் அவள் பெயரில் காதி நீதவானுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். கணவன் வசியம் செய்து கூட்டிப்போனான், விவாகரத்து வேண்டும் என்று. அவள் கையெழுத்து வைத்திருந்தாள்.

அந்த விண்ணப்பத்தின் பிரதியோடு அவர் என் அறைக்கு வந்தார். அன்றைக்கு அவர் கைகளை மேசைமேல் விரிக்கவில்லை, பிரதியைப் பிடித்தபடியே இருந்தார்.

"நான் ஒண்டும் செய்யல்லண்டு சத்தியக் கடதாசி ஒண்டு அடிங்க மிஸ். அவங்களுக்கு முன்னுக்கு வச்சிட்டு வாறேன்."

அடித்தேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். மந்திரம் செய்யவில்லை, நூல் கட்டவில்லை, தகடு எழுதவில்லை, உணவில் எதுவும் கலக்கவில்லை, தலைமயிர், நகம், காலடி மண் எதையும் எடுக்கவில்லை. சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கினோம். முடித்துவிட்டு முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன்.

"நானா, இதில உங்களுக்கு உங்கட மனிசி வேணும் எண்டு எங்கயும் எழுதேல்லையே?"

"அது என்னத்துக்கு மிஸ்? அது அவளுக்குத் தெரியும்தானே."

விசாரணைக்கு என்னையும் வரச் சொன்னார். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணிமார் பேச முடியாது. ஆனால் கடதாசி யார் அடித்தது என்று கேட்டால் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். உண்மை அதுவல்ல, தனியாகப் போக அவருக்குப் பயமாக இருந்தது. நான் ஃபைலை நாடாவால் கட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். காதி தன் வீட்டோடு சேர்ந்த ஒரு மண்டபத்தில் விசாரணை நடத்தினார். என்னை ஜன்னலுக்கு வெளியே, காத்திருக்கிற பெண்களோடு இருக்கச் சொன்னார்கள். உள்ளே நடப்பது நன்றாகத் தெரிந்தது. காதியும் மூன்று பெரியவர்களும் ஒரு மேசைக்குப் பின்னால். ஒரு பக்கம் இவர் தனியாக. மறுபக்கம் இரண்டு நானாமாருக்கு நடுவே அவள். மெலிந்திருந்தாள். இவரை ஒருமுறைதான் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

காதி நிதானமான மனிதர். வசியம், சூனியம் என்று நானாமார் அடுக்கியதை எல்லாம் கையமர்த்தி நிறுத்தினார்.

"மகள், நேரா ஒரு கேள்வி. இவரக் கலியாணம் முடிச்சது உங்கட விருப்பத்துலதானா? இல்லாட்டி உங்களுக்கு ஏதும் செஞ்சி கூட்டிப் போனாரா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. ஓம், என் விருப்பத்தில்தான் என்றால் வாப்பா கண்ணை மூடும்வரை அந்தக் கேற் திறக்காது. இல்லை என்றால், தன்னோடு வாழ்ந்த மனிதரைச் சூனியக்காரன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். கையெழுத்து வைக்க முடிந்தவளால் சொல்ல முடியவில்லை. காதி இரண்டாம் முறையும் கேட்டார். அவள் முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். எனக்கு எழுந்து உள்ளே போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் அந்தச் சத்தியக் கடதாசி. அதை மடித்தார். சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"காதியார், அவள்ட கேக்க வாணாம். நான்தான் கட்டினது."

"என்னத்தக் கட்டின?"

"வசியம். அவள் விரும்பி வரல்ல. நான் செஞ்சிதான் கூட்டிப் போனேன்."

ஜன்னலடியில் என் பக்கத்தில் இருந்த பெண்கள் 'யா அல்லாஹ்' என்று நெஞ்சில் கைவைத்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நானா!" என்று கத்தியே விட்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அவள்தான் எழுந்தாள். "பொய்!" என்றாள். "பொய் சொல்றாரு காதியார்! நான் என்ட விருப்பத்துலதான் போனேன். இந்த மனிசனுக்கு அப்பிடி ஒண்டும் தெரியா. எல்லாம் கைவேல. ஒண்டும் தெரியா இவருக்கு!"

மூத்த நானா பெரியவர்களின் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? இன்னும் கட்டு அவுரல்ல" என்றார்.

பெரியவர்கள் தலையசைத்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எத்தனையோ மேடைகளில் இவர் வாசித்துவிட்டுப் போனதை, முதன்முதலாக இன்னொரு ஆள் சபையில் எழுந்து நின்று சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. அவள் மெதுவாக உட்கார்ந்துவிட்டாள்.

காதிக்குக் கடும் கோபம். இது எவ்வளவு பெரிய பாவம் தெரியுமா என்று கேட்டு, அந்த இடத்திலேயே தவ்பா செய்யச் சொன்னார். அவர் சொல்லிக் கொடுக்க, இவர் தலையைக் குனிந்து ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னார். செய்யாத ஒன்றுக்காக ஒரு மனிதர் அவ்வளவு சுத்தமாக மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு விவாகரத்துக்கு எழுதினார்கள்.

முற்றத்தில் நானாமாரின் வேன் நின்றது. அவளை ஏற்றப் போன இடத்தில் மூத்தவர் நின்றுகொண்டார். "இப்பிடியே கூட்டிப் போகேலா. அவுத்துட்டு உடுங்க. எங்கட கண்ணுக்கு முன்னால" என்றார். காதியின் வாசலில் இந்த வேலையா என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். ஆனாலும் அவரும் பார்க்க நின்றார்.

இவர் என்னிடம் வந்தார். "மிஸ், அந்த ஃபைல் நாடாவக் கொஞ்சம் தாங்க."

அவிழ்த்துக் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் என் கையில் இருந்து ஒன்றை நேராக வாங்கினார். மடித்திருந்த சேர்ட் கையை இறக்கிவிட்டார். நாடாவின் ஒரு நுனியை அவளைப் பிடிக்கச் சொன்னார். நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, எல்லோருக்கும் இழுத்துக் காட்டினார். இறுகிய, நல்ல முடிச்சு. அதைக் கைக்குள் மூடிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "ஊது" என்றார். அவள் ஊதினாள். கையைத் திறந்து நாடாவை இழுத்தார். முடிச்சு இல்லை. வெள்ளை நாடா இருவருக்கும் நடுவே நேராக நின்றது.

பிறந்தநாள் வீடுகளில் பால்பற்கள் விழாத பிள்ளைகளுக்கு அவர் முதலில் காட்டுகிற வித்தை அது. நானே இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் இன்னும் இன்னும் என்று கத்தும். இங்கே யாரும் கத்தவில்லை. மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து வண்ணாத்திவில்லுக்கு அடித்தார். "வாப்பாட்ட சொல்லுங்க, அவுத்துட்டான், கூட்டிட்டு வாறோம்" என்று உரத்துச் சொல்லிக்கொண்டு வேனின் மறுபக்கம் நடந்தார். இளையவர் ஓட்டுகிற இடத்தில் ஏறிக்கொண்டார்.

அவள் இன்னும் நாடாவின் நுனியை விடவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். குரலே இல்லாமல் சொன்னாள்.

"இடக் கை தெரிஞ்சிச்சி."

"பாத்துச் சொல்ல ஆளில்லத்தானே" என்றார் அவர்.

அவள் நுனியை விட்டுவிட்டு வேனில் ஏறினாள். கதவை உள்ளே இருந்து அவளே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.